வழியில் ஆல்டர்னேட்டர் போனால்: பழைய மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பஜாஜ் டெம்போ காலத்து டிராவலர், பழைய மினி பஸ், கைமாறி வந்த ஆம்புலன்ஸ் வேன் என எதையாவது வாங்கி, கட்டிலும் அடுப்பும் ஃபிரிட்ஜும் வைத்து வீடாக்கிக்கொண்டு கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் சுற்றுகிறவர்களுக்காக எழுதியது இது. ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி. இந்த வயசு வண்டியில் அது போவது அதிசயம் ஒன்றும் இல்லை. போனதும் வண்டி நின்றுவிடாது, பெரும்பாலும் சில மணி நேரம் கையில் இருக்கும். அந்த நேரத்தை எதற்குச் செலவழிப்பது, எதற்குச் செலவழிக்கக் கூடாது என்பதைப் பற்றித்தான் வரும் கேள்விகளில் பாதி.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறது. உடனே நிறுத்தணுமா?

விளக்கைப் பார்த்ததும் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, இன்ஜின் சூடு காட்டும் முள். இன்னொன்று, பிரேக் பெடல். முள் மேலே ஏறினாலோ, பிரேக் வழக்கத்தைவிட இறுகி இருந்தாலோ, ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அடுத்த ஊர் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்ட வேண்டாம்.

காரணம் பெல்ட். பழைய டீசல் இன்ஜின் பலவற்றில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அது அறுந்தால் பேட்டரிக்கு சார்ஜ் போவது நிற்கும், கூடவே இன்ஜினுக்குள் தண்ணீர் சுற்றுவதும் நிற்கும். சில நிமிடத்தில் ஹெட் கேஸ்கெட் வரைக்கும் செலவு வந்துவிடும்.

பிரேக் விஷயம் இன்னும் முக்கியம், பலருக்குத் தெரியாததும்கூட. நம் ஊர் டீசல் வேன், ஜீப் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கு (லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவும் கருவி) வேண்டிய வாக்குவம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சும் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே மாட்டியிருக்கும். உங்கள் வண்டியில் அப்படியா என்று இன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலிருந்து தடித்த ரப்பர் குழாய் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகும், பக்கத்திலேயே மெல்லிய எண்ணெய்க் குழாய்களும் இருக்கும். இருந்தால், பெல்ட் அறுந்ததும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு உடம்பு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். கட்டில், தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர் எல்லாம் ஏற்றிய மூன்று டன் வண்டிக்கு அது போதாது.

முள்ளும் சரி, பிரேக்கும் சரி என்றால் பதற வேண்டாம். இன்ஜினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தி, பெல்ட் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். துண்டு, புடவைத் தலைப்பு, கை எதுவும் கிட்டே போகக் கூடாது.

பெல்ட் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர்தான் போச்சு என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.5-க்குக் கீழே வந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தும் அசையவில்லை, நேரம் போகப் போக இறங்குகிறது என்றால் ஏறவில்லை. ஹெட்லைட் போடாதபோது 14, போட்டதும் 12.8 என்றால் பாதி உயிர்தான் இருக்கிறது: தேய்ந்த பிரஷ் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு), போன டையோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்), வழுக்கும் பெல்ட், மூன்றில் ஒன்று.

மீட்டர் இல்லையா? சாவியை ‘ஆன்’ வரைக்கும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் புல்லி நட்டுக்கோ பின்பக்க பேரிங் மூடிக்கோ அருகே கொண்டுபோங்கள். உள்ளே சுற்றும் பாகமான ரோட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் அது காந்தமாகி நுனியைச் சட்டென்று பிடித்து இழுக்கும். இழுப்பது கையில் நன்றாகவே தெரியும். இழுக்கவே இல்லை என்றால் கோளாறு பிரஷ், ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் பாகம்), இல்லாவிட்டால் அதற்கு வரும் வயர். இழுக்கிறது, ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை என்றால் டையோடு, ஸ்டேட்டர் (ரோட்டரைச் சுற்றி அசையாமல் இருக்கும் கம்பிச்சுருள்) பக்கம் பார்க்கச் சொல்லலாம். சோதித்து முடித்ததும் சாவியை ‘ஆஃப்’ செய்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வயரைப் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையில் நட்டு தளர்ந்திருக்கும், பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும், இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் பட்டை இற்றுப் போயிருக்கும். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றிய பிறகு, கோளாறு அந்த எர்த் பட்டையில்தான் என்று தெரியவரும் கதை எல்லா ஊரிலும் உண்டு. மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் இன்னொன்றை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் தொடுங்கள். இன்ஜின் ஓடி, ஹெட்லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

“பேட்டரி ஒயரைக் கழற்றுங்க, வண்டி நின்னா டைனமோ போச்சு” என்கிறார் ரோட்டோர மெக்கானிக். கழற்றலாமா?

கூடாதுங்க. உண்மையான டைனமோ இருந்த காலத்துச் சோதனை அது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் வோல்ட் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும். நல்ல டையோடும் ரெகுலேட்டரும் அந்த எகிறலில் போய்விடலாம். இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டி என்றால் அதையும் சேர்த்துப் பறிகொடுக்கலாம். அவர் மனசு நோகாமல், “மீட்டர் இருக்குதுங்ணா, அதுல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள்.

பேட்டரி விளக்கு எரியவே இல்லை. ஆனால் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஏன்?

சாவியை ஆன் செய்யும்போதாவது விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பல்பே போயிருக்கலாம். பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே சுற்றும், அல்லது நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் விழிக்கும். டேஷ்போர்டு பல்பு ஒன்று மாற்றினால் தீர்ந்துபோகும். அங்கே எல்இடி பல்பு போட்டவர்களுக்கும் இதே தொல்லை வரும், அதன் வழியாகப் போகும் கரண்ட் போதாது.

ஆன் செய்யும்போது எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்து, ஆனாலும் ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்றால் டையோடு ஒன்று கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரேடியோவில் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் வருவதும் அதற்கு அடையாளம்.

சார்ஜ் ஏறாமல் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

இது இன்ஜினைப் பொறுத்தது. கிணற்று மோட்டார் ஓடாத நாளில் தொட்டியில் இருக்கும் தண்ணீரை வைத்துச் சமாளிப்பதில்லையா, அந்தக் கணக்குதான். தொட்டி எவ்வளவு, எத்தனை குழாய் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் பேட்டரி 100 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். நம்பிக் கணக்குப் போடக்கூடியது அதில் பாதி, 50. டீசல் பம்பை இன்ஜினே சுற்றும் பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் ஓடுவதற்குக் கரண்ட்டே அநேகமாக வேண்டியதில்லை. டீசலை நிறுத்தும் சோலனாய்டு (மின்சார வால்வு) இருந்தால் அதற்கு ஓர் ஆம்பியர் பக்கம், மீட்டர்கள், அவ்வப்போது பிரேக் லைட், ஹாரன் எல்லாம் சேர்த்து சராசரியாக 3 முதல் 5 ஆம்பியர். பகலில் இப்படியே போனால் பத்து மணி நேரம் ஓட்டலாம். சேலத்திலிருந்து கோவை 160 கிலோமீட்டர்தான், தாராளமாகப் போய்ச் சேரலாம்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின் அப்படி இல்லை. இசியூ, இன்ஜெக்டர், ரிலே எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியருக்கு மேல் கேட்கும். வோல்ட் 10-ஐ நெருங்கும்போது இன்ஜின் தானாக நின்றுவிடும், சொல்லிக்கொண்டும் நிற்காது. பகலில் மூன்று நான்கு மணி நேரம் என்று வையுங்கள்.

பொழுது சாய்ந்தால் கணக்கு மாறிவிடும். ஹெட்லைட் பல்பு இரண்டும் 55 வாட் என்றால் அதற்கே 9 ஆம்பியர். பின் விளக்கு, ஓர விளக்கு 3. மழை வந்தால் வைப்பருக்கு 4, 5. ஏசி புளோயர் முழு வேகத்தில் 10-ஐத் தாண்டும். மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கே இரவில் இரண்டரை மணி நேரம்தான். பேட்டரிக்கு மூன்று வயசுக்கு மேல் என்றால் இதிலும் பாதி. அதனால் மாலை நான்கு மணிக்கு விளக்கு எரிந்தால் அன்றைக்கு இருட்டுவதற்குள் போய்ச் சேரக்கூடிய ஊர் எதுவோ அதுதான் உங்கள் ஊர். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு மிச்சம் பிடித்து ஓட்டலாம் என்று இருட்டில் நினைக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நடுவில் இன்ஜினை நிறுத்தாதீர்கள். ஓட்டும்போது செலவாகும் கரண்ட்டைவிட ஒருமுறை செல்ஃப் அடிப்பதுதான் பலவீனமான பேட்டரியைச் சாய்க்கும். டீ குடித்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் வண்டியில் இருக்க, இன்னொருவர் வாங்கி வரட்டும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் இறக்கம் பார்த்து நிறுத்துங்கள். கியர் வண்டியை இரண்டாவது கியரில் உருட்டி எடுத்துவிடலாம்.

வீட்டு பேட்டரியும் (ஃபிரிட்ஜ், விளக்குக்கான தனி பேட்டரி) கூரையில் சோலாரும் இருக்கிறதே, அது உதவாதா?

உதவும், இந்த விஷயத்தில் மோட்டார் ஹோம்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். இருட்டிலும் மழையிலும் நின்றுபோன மற்ற வண்டிக்காரருக்கு இல்லாத இரண்டாவது பேட்டரி உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டும் 12 வோல்ட்தான் என்றால் தடித்த ஜம்பர் கேபிளால் வீட்டு பேட்டரியையும் இன்ஜின் பேட்டரியையும் சேர்க்கலாம். பாசிட்டிவ் முதலில், அப்புறம் நெகட்டிவ். நெகட்டிவ் கேபிளின் மறுமுனையைப் பேட்டரியில் கடிக்க விடாமல் இன்ஜின் உடம்பில் ஒரு நல்ல இரும்பில் கடிக்க விடுங்கள், பேட்டரி வாயு பக்கத்தில் பொறி பறக்காது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சேர்த்தால் போதும். வீட்டு பேட்டரி லித்தியம் என்றால் செல்ஃப் இழுக்கும் கரண்ட்டை அதன் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) தாங்காமல் துண்டித்துக்கொள்ளலாம். அப்போது அதை நேராகச் செல்ஃபுக்குக் கொடுக்காமல், பத்து இருபது நிமிடம் இணைத்து வைத்து இன்ஜின் பேட்டரியைத் தேற்றிவிட்டு, கேபிளைக் கழற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சோலார் 200 வாட் இருந்தால் நல்ல வெயிலில் 10 ஆம்பியர் பக்கம் தரும். மேலே சொன்ன கணக்கில் பழைய டீசல் வண்டியின் பகல் செலவையே அது ஈடுகட்டிவிடும். தாராபுரம், காங்கேயம் பக்கத்து வெயிலில் இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பதுதான் தப்பு. உங்கள் சோலார் கன்ட்ரோலர் வீட்டு பேட்டரிக்கு மட்டும் போவதுபோல் இருந்தால், இன்ஜின் பேட்டரிக்கும் ஒரு ஃபியூஸ் வைத்த இணைப்பு கொடுத்து, தேவைப்படும்போது மாற்றும் சுவிட்ச் ஒன்றை ஊரில் இருக்கும்போதே போட்டு வையுங்கள்.

ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் அணையுங்கள். மாவு அரைக்க மிக்சி வேண்டும் என்பவர்களுக்கு: எந்த ஊர் மளிகைக் கடையிலும் இட்லி மாவு பாக்கெட் கிடைக்கிறது.

மலைப்பாதையில் போனால்?

ஏறுவதற்கு முன் தெரிந்தால் ஏறாதீர்கள். வேறு பதில் இல்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும், இன்ஜின் சூடாக இருக்கும், ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. தள்ளாடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் உயிரை விடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். வால்பாறைப் பாதையில் கவர்க்கல் பக்கம் பகலிலேயே மூடுபனி இறங்கும், ஹெட்லைட் இல்லாமல் போக முடியாது.

திம்பம் பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் நேரம் தவறினால் சோதனைச்சாவடியிலேயே நிற்க வேண்டி வரும். நடுவில் வண்டி நின்றுபோனால் இறங்கி நடந்து உதவி தேடாதீர்கள், யானை நடமாடும் இடம். கதவை மூடிக்கொண்டு, அபாய விளக்கை மினுக்கவிட்டு, வரும் லாரியோ பஸ்ஸோ நிற்கும்வரை காத்திருங்கள். அந்த வழியில் லாரி ஓட்டுகிறவர்கள் நிற்பார்கள். கீழே சோதனைச்சாவடிக்குச் சொல்லிவிடச் சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

மேலே இருக்கும்போது விளக்கு எரிந்தது, பெல்ட்டும் பிரேக்கும் சரி, பகல் நேரம் என்றால் மெல்ல இறங்கலாம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கரண்ட் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவது சிலருக்குப் பழக்கம். இன்ஜின் நின்றால் வாக்குவமும் நிற்கும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். அந்த வேலையே வேண்டாம். பெல்ட் அறுந்திருந்தால், வாக்குவம் பம்ப் முதுகில் இருக்கும் வண்டியை மலையிலிருந்து ஓட்டி இறக்கக் கூடாது. மாற்று பெல்ட் போட்ட பிறகுதான் நகர வேண்டும், இல்லாவிட்டால் கீழேயிருந்து மெக்கானிக் வர வேண்டும்.

எந்த ஊருக்குக் கொண்டுபோவது நல்லது?

கொங்கு நாட்டில் ஆல்டர்னேட்டர் போவது ஒரு வகையில் கொடுத்துவைத்தது. முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு நாலு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. நாமக்கல் லாரிக்கும் டேங்கருக்கும் பேர் போனது, சங்ககிரி லாரி ஊர், திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர், கரூர் பஸ் பாடி கட்டும் ஊர். கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யாத தெரு குறைவு. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-இல் மின்மோட்டாரும் செய்தார். வைண்டிங் (செம்புக் கம்பி சுற்றுதல்) செய்யும் கை அந்தத் தலைமுறையிலிருந்தே இந்தப் பக்கம் பரவிவிட்டது. சென்னையில் “யூனிட்டா மாத்திடுங்க சார்” என்று சொல்லும் இடத்தில், இங்கே பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட் லாரிகள். உங்கள் வேன் 12 வோல்ட். ரெகுலேட்டரோ ரிலேயோ மாட்டும்போது “பன்னெண்டு வோல்ட்டுங்க” என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லுங்கள். 24 வோல்ட் ரெகுலேட்டரை மாட்டிவிட்டால் வண்டியில் இருக்கும் பல்பெல்லாம் ஒரே நாளில் போகும். மினி பஸ் சேசிஸ் மேல் கட்டிய வண்டி என்றால் அதுவே 24-ஆகவும் இருக்கலாம், முதலில் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பல பட்டறை திறக்காது. ஆயுத பூஜையன்று ஸ்பானருக்கெல்லாம் பொட்டு வைத்திருக்கும், யாரும் தொட மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் பேட்டரிக் கடை ஒன்றைத் தேடுங்கள். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுக் கொடுத்தால் மறுநாள் பகல் ஓட்டத்துக்கு அதுவே போதும்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழைக்கலாம்.

ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்குவதா?

உள்ளே என்ன போயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும்வரை பதில் சொல்லாதீர்கள், யார் கேட்டாலும்.

நல்ல எலக்ட்ரீஷியன் பிரிப்பதற்கு முன்னால் ஆல்டர்னேட்டரின் இரண்டு பாதிக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு போடுவார், திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் பொருந்த வேண்டும் என்று. நீளமான போல்ட்டுகளைக் கழற்றி, மெல்லத் தட்டி இரண்டாகப் பிரிப்பார். பிரஷ் இரண்டும் ஸ்பிரிங் நுனியில் வந்து விழும். புதிதில் விரல் நுனி நீளம் இருந்த கார்பன் 5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பிரஷ் மாற்றி, ரோட்டரின் செம்பு வளையத்தில் விழுந்த பள்ளத்தை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, தேவைப்பட்டால் லேத்தில் ஒரு வெட்டு கொடுத்து மாட்டிவிடலாம். அப்புறம் சோதனைக்கு வைத்திருக்கும் சீரிஸ் பல்பை எடுத்து ஒவ்வொரு டையோடாகத் தொட்டுப் பார்ப்பார். ஒரு பக்கம் வைத்தால் எரிய வேண்டும், வயரை மாற்றி வைத்தால் எரியக் கூடாது. இரண்டு பக்கமும் எரிந்தால் போனது, இரண்டிலும் எரியவில்லை என்றாலும் போனது. டையோடு பிளேட் தனியாகவே கிடைக்கும்.

பிரஷ், ரெகுலேட்டர், டையோடு பிளேட், பேரிங் இந்த நான்கில் எது போயிருந்தாலும் ரிப்பேர்தான் சரி. அரை நாள் வேலை. பேரிங் போயிருந்தால் எண் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும், அதே எண்ணில், நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். முன் பக்கம் ஒன்று சத்தம் போட்டாலும் பின் பக்கத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஸ்டேட்டர் வைண்டிங் கருகியிருந்தால் (எரிந்த வார்னிஷ் வாசனை கடைக்கு வெளியிலேயே வரும்) மறு வைண்டிங் செய்யலாம், ஒன்றிரண்டு நாள் ஆகும். ரோட்டர் சுருள் போனால் மட்டும் வேறு யூனிட் பற்றி யோசிக்கலாம். பழைய ரோட்டரைத் தேடிப் பிடித்துப் போடுவதற்கு மெனக்கெடுவது எனக்கென்னவோ சரியாகப் படவில்லை.

உள்ளே முழுக்க எண்ணெய் ஊறியிருந்தால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லாதீர்கள். முதுகில் இருக்கும் வாக்குவம் பம்பின் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் பிரஷை மட்டும் மாற்றினால் மறுபடி இதே பட்டறைக்கு வர வேண்டியதுதான்.

சில இடத்தில் வேறொரு யோசனை சொல்வார்கள்: ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, சின்ன பெல்ட் போட்டுத் தண்ணீர் பம்பை மட்டும் ஓட்டி ஊர் போய்ச் சேரலாம் என்று. வாக்குவம் பம்ப் தனியாக இருக்கும் வண்டிக்கு இது நடக்கும். முதுகில் இருக்கும் வண்டிக்கு நடக்காது. பூஸ்டர் இல்லாமல்தான் ஓட்ட வேண்டி வரும்.

லித்தியம் பேட்டரி போட்ட பிறகுதான் ஆல்டர்னேட்டர் எரிந்தது. சம்பந்தம் உண்டா?

உண்டு. ஈய பேட்டரி நிறைந்துகொண்டே வரும்போது கரண்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசிவரை கொடுப்பதையெல்லாம் வாங்கும். பழைய வேனின் ஆல்டர்னேட்டர் 55, 65 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது எப்போதாவது எட்டித் தொடுவதற்கான அளவு, மணிக்கணக்கில் முழுசாகக் கொடுப்பதற்கு அல்ல. கரூர் பரமத்தி சித்திரை வெயிலில், டிராஃபிக்கில் இன்ஜின் மெதுவாக ஓட, உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்ற, லித்தியம் மட்டும் முழு மூச்சாய் உறிஞ்சினால் வைண்டிங் கருகாமல் என்ன செய்யும்? போதாததற்கு, நிறைந்ததும் பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால் அந்த எகிறலில் டையோடும் போகும்.

ஆல்டர்னேட்டருக்கும் லித்தியத்துக்கும் நடுவே, இழுக்கும் கரண்ட்டை அளவோடு வைக்கும் ஒரு டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். ஆல்டர்னேட்டர் அளவில் பாதிக்கு மேல் இழுக்காததாக, 20 அல்லது 30 ஆம்பியர். வெறும் ரிலே வைத்து இணைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஓடும்போது 1000 வாட் இன்வெர்ட்டரை ஆல்டர்னேட்டர் தாங்கும் என்று யாராவது சொன்னால், அது பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் பக்கம் இழுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

மீட்டரில் 15-க்கு மேல் காட்டுகிறது. நிறைய சார்ஜ் ஏறினால் நல்லதுதானே?

இல்லை. ரெகுலேட்டர் போயிருக்கிறது. பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை வாசனை வரும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். பேட்டரி இருக்கையின் கீழே இருக்கும் வண்டி என்றால் ஜன்னலைத் திறந்து விடுங்கள், பக்கத்தில் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். ஹெட்லைட், புளோயர் என எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இன்ஜினை அதிகம் ரேஸ் செய்யாமல் கிட்டத்தில் இருக்கும் பட்டறைக்குப் போங்கள். இந்த ஒரு கோளாறில் மட்டும் கரண்ட்டை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கையோடு என்ன வைத்துக்கொள்ளலாம்?

பெல்ட். முதலில் பெல்ட், கடைசியிலும் பெல்ட். பழையதைக் கழற்றும்போது நன்றாக இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். முதுகில் எண் அச்சிட்டிருக்கும், அழிவதற்குள் எழுதி வையுங்கள். மாட்டியபின் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போகும், தளர்த்தினால் கத்தும்.

அப்புறம், உங்கள் மாடலுக்கான பிரஷ் ஒரு ஜோடி, ரெகுலேட்டர் ஒன்று, மல்டிமீட்டர், தடித்த ஜம்பர் கேபிள், ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர்கள், பேட்டரி விளக்குக்கு ஒரு பல்பு. பிரஷ் சிக்கிக்கொண்டு திடீரென்று சார்ஜ் நின்றால், இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்பானர் பிடியால் ஆல்டர்னேட்டர் உடம்பில் மெல்ல இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். சிலசமயம் ஊர் போய்ச் சேரும்வரை வேலை செய்யும். நம்பிக்கையோடு மலை ஏறிவிடாதீர்கள்.

வேலை முடிய நாளைக்கு ஆகும் என்கிறார்கள். வண்டியில் குடும்பம் இருக்கிறது. எங்கே தங்குவது?

பட்டறையிலேயே கேளுங்கள். “சித்த உள்ள தள்ளி நிறுத்திக்குங்க, தண்ணி வேணும்னா அங்க குழாய் இருக்குது” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். 230 வோல்ட் பிளக் ஒன்று கேட்டு வாங்கினால் ஃபிரிட்ஜும் ஓடும், வீட்டு பேட்டரியும் ஏறும். கரண்ட்டுக்குக் காசு கொடுக்க வந்தால் வேண்டாம் என்பார்கள், கொடுத்துவிட்டு வாருங்கள். பெண்கள், குழந்தைகள் இருந்தால் கழிப்பறை வசதி பார்த்துப் பெட்ரோல் பங்க் பக்கம் நிறுத்துவது வசதி. தனியே புறவழிச்சாலை ஓரத்தில் மட்டும் தூங்க வேண்டாம், பின்னால் வரும் லாரிக்கு நிறுத்தியிருக்கும் வண்டி தெரியாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

வேறு யூனிட் மாட்டிவிட்டார்கள். கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரைக் கடையிலேயே கொடுத்துவிடலாமா?

கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனாலும், வாக்குவம் பம்ப் சேர்ந்த பழைய மாடல் என்றால் கொடுக்காதீர்கள். அந்த மாடலுக்கான பிராக்கெட்டும் பம்பும் வரவரத் தேடினாலும் கிடைப்பதில்லை. ஊர் திரும்பியதும் சாவகாசமாகச் சரிசெய்து, எண்ணெய்த் துளைகளைத் துணியால் அடைத்து, கட்டிலுக்கு அடியில் போட்டு வைக்கலாம். நாளைக்கு அதை மாட்டும் மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பம்புக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். காய்ந்தபடியே ஓடினால் பம்பின் பிளேடு முதல் நாளிலேயே தேய ஆரம்பித்துவிடும்.